நான்கு ஜாமக் காவல்

ஒலிவ மலையின்மேல் தேவாலயத்துக்கு எதிராக அமர்ந்திருந்த நம் ஆண்டவரிடத்தில் பேதுரு, யாக்கோபு, யோவான், அந்திரேயா என்னும் நால்வரும் தனித்து வந்து, இவையெல்லாம் எப்பொழுது சம்பவிக்கும் என்று வினவியபோது, அவர் நாளையும் நாழிகையையும் குறித்துக் கொடாமல், தூரதேசப் பிரயாணம் புறப்பட்ட ஒரு வீட்டெஜமான் தன் ஊழியக்காரருக்கு அவரவர் வேலையைப் பிரித்துக் கொடுத்து, வாசற்காவலனை மட்டும் உறங்காதிருக்கப் பணித்துச் சென்ற சிறு கதை ஒன்றைச் சொல்லி, அவன் மாலையிலோ, நள்ளிரவிலோ, சேவல் கூவும் வேளையிலோ, விடியலிலோ திரும்பி வரக்கூடும் என்று முடித்ததாக மாற்கு சுவிசேஷத்தின் 13-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம்.

இவ்வேளைகள் ரோமச் சேனை இரவைப் பகுத்துக் காவல் மாற்றிய நான்கு ஜாமங்களாகும். யூதர் பண்டை வழக்கப்படி இரவை மூன்று ஜாமமாகவே எண்ணிவந்தனர். ரோமர் ஆட்சியில் நான்கென்னும் கணக்கும் அந்நாட்டில் வழங்கலாயிற்று. சுவிசேஷகர் அவற்றைப் பொதுப்படக் கூறிவிடாமல் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி நிறுத்தியது ஏன் என்பதற்கு வேத அறிஞர் சிலர் காட்டும் காரணம், அடுத்த அதிகாரத்தைப் புரட்டியவுடனே விளங்குவதாகும். மாலையானபோது இயேசு பன்னிருவரோடு பந்தியமர்கிறார், காட்டிக்கொடுக்கிறவனும் அதே பந்தியில் இருக்கிறான். இரவு முதிர்ந்தபின் கெத்செமனேயில் அவர் வியாகுலப்பட, சீஷர் தூங்குகின்றனர். சேவல் கூவும் நேரத்தில் பேதுரு மறுதலிக்கிறார். விடிந்தவுடனே பிரதான ஆசாரியர் ஆலோசனை செய்து அவரைப் பிலாத்துவின் கையில் ஒப்புவிக்கின்றனர். எஜமான் நான்கு ஜாமத்திலும் வந்தார். எந்த ஜாமத்திலும் அவரை எதிர்கொள்ள வாசலில் ஆள் இல்லை. மலையின்மேல் அந்த உபதேசத்தைத் தனித்துக் கேட்ட நால்வருள் மூவரே தோட்டத்தில் தூங்கிப்போனவர் என்பதையும், இடையில் கழிந்தவை சில நாட்களே என்பதையும் சேர்த்துப் பார்த்தால், விழித்திருத்தலைப் பற்றி நிரம்பக் கேட்டிருப்பதற்கும் விழித்திருப்பதற்கும் உள்ள தூரம் இன்னதென்று புலப்படும்.

இவ்வத்தியாயம் அந்தத் தூரத்தைக் கடப்பதற்கான சில நியமங்களைக் கூற எழுந்தது. உலக முடிவைக் குறித்த கொள்கை விசாரணை இங்கு நம் நோக்கமன்று. ஆண்டவர் ஒரு நாள் மகிமையில் வருவார் என்று விசுவாசிக்கிறவன், அவர் இன்று மாலையில் ஒரு சோதனையின் உருவிலும், நாளைக் காலையில் ஒரு ஏழையின் உருவிலும் வரக்கூடும் என்பதை மறந்திருந்தால், அந்த மகா நாளைப் பற்றிய அவனுடைய ஆவல் எத்தனை உஷ்ணமாயிருந்தும் பயனில்லை என்பதே இதை எழுதுகிறவனுடைய துணிபு.

நாள் குறித்தலும் விழிப்பும்

விழிப்புக்கு உறக்கம் பகையென்பதை யாவரும் அறிவர். பரபரப்பும் அதற்கு அவ்வளவே பகை என்பதை அறிந்தவர் சிலர். தெசலோனிக்கே சபையார், கர்த்தருடைய நாள் வந்துவிட்டது என்ற பேச்சைக் கேட்டுச் சித்தங்கலங்கினதையும், அவர்களுள் சிலர் ஒரு வேலையும் செய்யாமல் பிறர் அலுவலில் தலையிட்டுத் திரிந்ததையும் பவுல் அப்போஸ்தலர் ஒரே நிருபத்தில் கண்டித்துத் திருத்த நேர்ந்தது. அமைதியாய் வேலை செய்து, தம் சொந்தச் சாப்பாட்டைச் சாப்பிடுங்கள் என்பதே அவர்களுக்கு அவர் கொடுத்த மருந்து. கடைசி நாளைப் பற்றிக் கேட்டவர்களுக்கு இவ்வளவு சாதாரணமான பதிலா என்று நமக்குத் தோன்றக்கூடும். அந்தச் சாதாரணத்திலேயே காரியம் இருக்கிறது.

இருவேறு சரித்திர நிகழ்ச்சிகளை இங்கே ஒப்புநோக்குவது தகும். அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்னும் பாப்டிஸ்து குடியானவர் ஒருவர், தானியேல் ஆகமத்தின் 8-ஆம் அதிகாரத்தில் வரும் 2300 நாட்களை ஆண்டுகளாகக் கொண்டு கணக்கிட்டு, 1843-ஐ ஒட்டிக் கிறிஸ்துவின் வருகை நிகழும் என்று போதித்தார். அந்தக் காலம் கடந்தபின் அவரைச் சார்ந்தவர்கள் 1844 அக்டோபர் 22 என்று நாளையே குறித்துக் காத்திருந்தனர். விளைந்த பயிரை அறுவடை செய்யாமல் வயலிலேயே விட்டவர்களும் அவர்களில் இருந்தனர். அந்த நாளும் எல்லா நாளையும் போலவே விடிந்து, அடைந்து, மறுநாள் பிறந்தபோது அவர்கள் பட்ட மனமுறிவு திருச்சபைச் சரித்திரத்தில் பெரும் ஏமாற்றம் என்றே பெயர் பெற்றுவிட்டது. மில்லர் கபடமற்றவர், வேதத்தில் ஆழ்ந்த பக்தி உடையவர் என்பதில் ஐயமில்லை. ஆகையினாலேயே அவருடைய கதை நமக்கு அதிக எச்சரிக்கையாகிறது.

அதற்கு அறுபத்து நான்கு ஆண்டுகளுக்கு முன், 1780 மே 19 அன்று, அதே தேசத்தின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் பட்டப்பகலில் இருள் கவிந்தது. பறவைகள் கூடடைந்தன, நண்பகலில் விளக்கேற்ற வேண்டியதாயிற்று, நியாயத்தீர்ப்பு நாளே வந்துவிட்டதென்று அநேகர் நடுங்கினர். காட்டுத் தீயின் புகையே அதற்குக் காரணமென்று பிற்காலத்தார் ஆராய்ந்து கண்டனர்; அன்று அது எவர்க்கும் தெரியாது. ஹார்ட்ஃபோர்டு நகரில் கூடியிருந்த கனெக்டிகட் சட்டமன்றத்தின் கீழ்ச்சபை கலைந்துவிட, மேற்சபையையும் கலைத்துவிடலாம் என்ற யோசனை எழுந்தபோது, ஏபிரகாம் டேவன்போர்ட் என்னும் அங்கத்தினர் எழுந்து, நியாயத்தீர்ப்பு நாள் இன்று வருகிறதா, வரவில்லையா என்ற இரண்டில் ஒன்றே உண்மை, வரவில்லையானால் சபையைக் கலைக்க முகாந்தரமில்லை, வருகிறதானால் நான் என் கடமையைச் செய்துகொண்டிருக்கக் காணப்படவே விரும்புகிறேன், ஆதலால் மெழுகுவர்த்திகள் கொண்டுவரப்படட்டும் என்ற கருத்துப்படப் பேசினதாக வழிவழியாகச் சொல்லப்படுகிறது. ஆயத்தம் என்ற சொல்லுக்கு உரை எழுதப் புகுகிறவர்கள் இந்த மெழுகுவர்த்திகளைக் காட்டிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம்.

சரீர உறக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. உபவாசத்தாலும் இராவிழிப்பாலும் உடம்பை ஒடுக்கினால் ஆத்துமா தானே விழித்துக்கொள்ளும் என்று எண்ணி, ஆரோக்கியத்தைக் கெடுத்துக்கொள்ளும் பக்தர்கள் எக்காலத்திலும் உண்டு. பத்துக் கன்னியர் உவமையில் பதின்மரும் தூங்கினர். புத்தியுள்ள ஐவரை மற்ற ஐவரினின்றும் பிரித்தது எண்ணெய். புயலில் தத்தளித்த படவில் ஆண்டவர் தலையணையின்மேல் நித்திரை செய்ய, சீஷர் விழித்திருந்து அலறினர்; கெத்செமனேயிலோ அவர் விழித்திருக்க, அவர்கள் தூங்கினர். தூங்க வேண்டிய வேளையில் பயத்தினால் விழிப்பதும், விழிக்க வேண்டிய வேளையில் தூங்குவதும் ஒரே அவிசுவாசத்தின் இரண்டு முகங்கள். அந்தத் தோட்டத்து உறக்கத்துக்கு லூக்கா ஒரு காரணமும் கூறுகிறார்: அவர்கள் துக்கத்தினால் தூங்கினார்களாம். மனச்சுமை தாங்காதபோது ஆத்துமா தன்னை மூடிக்கொள்ளும் இந்தத் தூக்கத்தை அலட்சியம் என்று கடிந்து பயனில்லை. அதற்கு வேண்டுவது ஒரு துணை. விதவையானவர்களையும், பிள்ளையை இழந்தவர்களையும் தனியே ஜெபிக்கும்படி சொல்லி விட்டுவிடாமல், அவர்களோடு சிலகாலம் உட்கார்ந்து ஜெபிக்க ஒருவர் நியமிக்கப்படுவது நலம்.

மாலைக் கணக்கு

நம் நியமம் மாலையிலிருந்து தொடங்குகிறது. வேதத்தின் கணக்கிலும் நாள் என்பது சாயங்காலத்திலே பிறப்பதாகும். அநுபவத்திலும் மறுநாள் காலையின் நிலைமையை முந்தின இரவே பெரும்பாலும் தீர்மானித்துவிடுகிறது. அடுப்பு நெருப்பை இரவில் சாம்பலிட்டு மூடி வைக்கத் தெரிந்த பாட்டிமார், காலையில் ஊதுகுழலை எடுத்து இரண்டு முறை ஊதினால் போதும் என்று அறிந்திருந்தது போல, மாலையில் ஆத்துமாவைக் கணக்குப் பார்த்துப் படுக்கிறவனுக்கு விடியற்கால ஜெபம் புதிதாய் மூட்ட வேண்டிய நெருப்பாக இராது.

இந்தக் கணக்குக்கு மிகத் தெளிவான ஒழுங்கை வகுத்துக் கொடுத்தவர் லொயோலா இஞ்ஞாசியார். போர்ச்சேவகராயிருந்து காயம்பட்டு மனந்திரும்பிய இவருடைய ஆன்மிகப் பயிற்சிகள் என்னும் நூல் 1548-இல் பாப்பரசர் மூன்றாம் பவுலின் அங்கீகாரம் பெற்று வெளிவந்தது. அதில் இக்கணக்கை அவர் ஐந்து படிகளாக வகுக்கிறார். முதலாவது அன்று பெற்ற நன்மைகளுக்காகத் தேவனைத் துதித்தல். இரண்டாவது தன் பாவத்தை அறியக் கிருபை வேண்டல். மூன்றாவது எழுந்த நேரமுதல் நாழிகை நாழிகையாய் நாளைத் திரும்பிப் பார்த்து, நினைவு, வாக்கு, செயல் என்னும் மூன்றையும் விசாரித்தல். நான்காவது மன்னிப்புக் கேட்டல். ஐந்தாவது திருந்தத் தீர்மானித்தல் என்னும் இவ்வரிசையில், துதி முதலில் நிற்பதைக் கவனிக்க வேண்டும். பெற்றதை எண்ணாமல் குற்றத்தை மட்டும் எண்ணத் தொடங்குகிறவன் சில வாரங்களில் நைராசியத்தில் விழுவான், அல்லது எண்ணுவதையே விட்டுவிடுவான். இதற்குக் கால் மணி நேரம் போதும். அதற்கு மேல் நீட்டுவது ஆராய்ச்சியாக மாறித் தன்னையே தான் சுவைத்துக்கொண்டிருக்கும் ஒரு வினோதமான அகங்காரத்துக்கு இடங்கொடுக்கும்.

தமிழருக்கு இது அந்நியமான பழக்கமும் அன்று. இயேசு சபையைச் சேர்ந்த ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ் பாதிரியார் 1578-இல் கொல்லத்தில் அச்சிட்ட தம்பிரான் வணக்கத்துக்கும், அடுத்த ஆண்டு கொச்சியில் அச்சிட்ட கிரிசித்தியானி வணக்கத்துக்கும் பின், 1580-இல் அச்சேறிய அவருடைய தமிழ் நூல் பாவசங்கீர்த்தனத்துக்கு மனச்சாட்சியை ஆயத்தப்படுத்தும் நூலாகும். முத்துக்குளித்துறையின் பரதவ மக்கள் ஆத்தும சோதனையைத் தாய்மொழியில் செய்து பழக வேண்டும் என்னும் நோக்கம், தமிழ் அச்சுக் கலையின் தொட்டிற் பருவத்திலேயே ஒரு புத்தகமாக உருவெடுத்திருக்கிறது என்பதை எத்தனை பேர் நினைத்துப் பார்க்கிறோம்!

பொதுவான இந்தக் கணக்கோடு ஒரு குறிப்பிட்ட குற்றத்தை மட்டும் தெரிந்தெடுத்து, அதைக் காலையில் நினைத்துத் தீர்மானித்து, நடுப்பகலிலும் இரவிலும் எத்தனை முறை தவறினோம் என்று ஒரு கோட்டின்மேல் புள்ளியிட்டுக்கொண்டே வந்து, நாளோடு நாளையும் வாரத்தோடு வாரத்தையும் ஒப்பிடும்படி இஞ்ஞாசியார் கூறுகிறார். கோபம், பொய், புறங்கூறல், இச்சை, பொருளாசை என எல்லாவற்றையும் ஒருங்கே எதிர்க்கப் புறப்படுகிறவன் ஒன்றையும் வெல்வதில்லை. ஆகவே ஒன்றை எடுத்துக்கொள்க. எதை எடுத்துக்கொள்வது? இங்கேதான் அந்தப் பழைய சேவகரோடு நாம் சற்று மாறுபட வேண்டியிருக்கிறது. கோட்டையைப் பிடிக்க வருகிற சேனாபதி சுற்றிச் சுற்றிப் பார்த்து, எங்கே பலவீனமோ அங்கே தாக்குவதைப் போல, சத்துருவும் நம் பலவீனத்தையே நாடுவான் என்பது அவர் வாக்கு. அது மெய்தான், ஆனால் முழு மெய்யன்று.

வெளிப்படுத்தின விசேஷத்தின் 3-ஆம் அதிகாரத்தில், விழித்துக்கொள்ளும்படியும், விழியாவிட்டால் திருடனைப்போல் வருவேன் என்றும் சர்தை சபைக்கு எழுதப்பட்ட கடிதத்தை அந்த ஊரார் வாசித்தபோது, அவர்களுக்குத் தங்கள் நகரத்தின் சரித்திரமே நினைவுக்கு வந்திருக்கும். இன்றைய துருக்கி தேசத்தில் அடங்கிய அந்தச் சர்தை, செல்வத்துக்குப் பேர்போன குரோசஸ் மன்னனின் தலைநகராய், செங்குத்தான மலைமுகட்டின்மேல் கோட்டை கொண்டிருந்தது. கி.மு. 546-ஐ ஒட்டிப் பாரசீக அரசன் கோரேசு முற்றுகையிட்டபோது, ஏறவே முடியாதென்று காவல் வைக்காமல் விட்டிருந்த பாறைச் சரிவில், கோட்டைச் சேவகன் ஒருவன் தவறி விழுந்த தன் தலைச்சீராவை எடுக்க இறங்கி ஏறியதை எதிரிச் சேவகன் ஒருவன் கண்டுகொண்டான். மறுநாள் அவ்வழியே ஏறினார்கள், கோட்டை விழுந்தது என்று எரோதோத்து எழுதுகிறார். முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்து, மூன்றாம் அந்தியோகுவின் படை முற்றுகையிட்ட காலத்தில், மதிலின் ஒரு பக்கத்தில் கழுகுகள் அஞ்சாமல் வந்து உட்கார்வதைக் கவனித்த லகோராஸ் என்னும் கிரேத்தா தீவினன், அங்கே ஆள் நடமாட்டமில்லை என்று ஊகித்து, இரவில் ஏணி சார்த்தி நகரத்தைப் பிடிக்க வழிசெய்ததாகப் பொலிபியுஸ் கூறுகிறார். இரண்டு முறையும் சர்தை தன் பலவீனத்தினால் வீழ்ந்ததில்லை. எந்தப் பக்கம் பலமுள்ளதென்று நம்பிக் காவலை நீக்கினார்களோ, அந்தப் பக்கத்தினால் வீழ்ந்தது.

வேதத்துப் பக்தர்களையும் எண்ணிப் பாருங்கள். பூமியிலுள்ள மனிதர் யாவரினும் சாந்தகுணமுடையவர் என்று பெயர் பெற்ற மோசே, மேரிபாவின் தண்ணீரருகே பதற்றத்தினால் கானானை இழந்தார். ஞானத்துக்கென்றே பேர்பெற்ற சாலொமோன் முதுமையில் அஞ்ஞானத்திலே முடிந்தார். வாளை உருவ முதலில் துணிந்த பேதுரு, தைரியத்திலேயே தோற்றார். ஆதலால் மாலைக் கணக்கில் ஒரு குற்றத்தைத் தெரிந்தெடுக்கிறவர், தமக்கு நன்றாகத் தெரிந்த பலவீனத்தை ஒரு மாதம் கவனித்தால், எனக்கு இது வராது என்று நிச்சயமாய் எண்ணியிருக்கும் ஒரு பாவத்தை அடுத்த மாதம் கவனிப்பாராக. நாணயஸ்தர் என்று பேர் வாங்கியவர் பணத்தையும், குடும்பப் பற்றுள்ளவர் கற்பையும், பணிவுள்ளவர் பெருமையையும் விசாரிப்பது வியப்பான பலன்களைத் தரும்.

மாலைக்குரிய வேறொரு கடமையும் உண்டு. பக்தி நூல்கள் இதைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. எசேக்கியா ராஜா மரணத்துக்கேதுவாய் வியாதிப்பட்டபோது, வீட்டுக் காரியத்தை ஒழுங்குபடுத்தும்படி ஏசாயா தீர்க்கர் சொல்லி அனுப்பப்பட்டார். கொடுக்க வேண்டிய கடன், வாங்கி வைத்த இரவல், எழுதப்படாத உயில், பேசாமலிருக்கும் சகோதரன் என இவை தீராமலிருக்கையில், நான் எப்பொழுதும் போகத் தயார் என்று சாட்சி சொல்வது வெறும் வாய்ச்சொல். மாதம் ஒரு மாலையை இந்த லெளகிகக் கணக்குக்கென்றே ஒதுக்கி, பாகப் பத்திரமும் காப்பீட்டுக் காகிதமும் எங்கே இருக்கின்றன என்று மனைவிக்கும் மூத்த பிள்ளைக்கும் காட்டி வைப்பதும் விழித்திருத்தலின் ஒரு பாகமே.

நள்ளிரவு

எருசலேம் தேவாலயத்தில் இரவுக் காவல் எப்படி நடந்ததென்று யூதரின் மிஷ்னா நூலில் ஒரு குறிப்பு இருக்கிறது. ஆலய மலையின் அதிகாரி தீவட்டிகளோடு காவற்புரைகள்தோறும் சுற்றி வருவார். எழுந்து நின்று சமாதான வாழ்த்துச் சொல்லாத லேவியன் தூங்குகிறான் என்று கண்டால், தடியால் அடிப்பதற்கும், அவன் வஸ்திரத்துக்கு நெருப்பு வைப்பதற்குங்கூட அவருக்கு அதிகாரம் இருந்தது. வெளிப்படுத்தின விசேஷத்தின் 16-ஆம் அதிகாரத்தில், விழித்திருந்து தன் வஸ்திரங்களைக் காத்துக்கொள்ளுகிறவன் பாக்கியவான் என்ற பொருளில் வரும் வசனத்தைப் படிக்கையில் இந்த வழக்கத்தை நினைத்துக்கொண்டால் அதன் காரம் தெரியும்.

நள்ளிரவு ஜெபத்தை நாள்தோறும் செய்யும்படி குடும்பஸ்தருக்கு நான் சொல்ல மாட்டேன். நடு இரவில் தானாக விழிப்பு வந்துவிட்டால், நாளைய செலவைக் கணக்கிட்டுப் புரண்டுகொண்டிராமல், மனப்பாடமான ஒரு சங்கீதத்தை மெல்லச் சொல்லி, நினைவுக்கு வருகிறவர்களை ஒவ்வொருவராய்ப் பெயரிட்டு வேண்டிக்கொள்வதே போதுமானது. மருத்துவமனையில் இரவுமுறை பார்க்கும் செவிலியர், ஆலைத் தொழிலாளர், காவற்காரர், கடலுக்குப் போகும் மீனவர் ஆகியோருக்கு மாத்திரம் இந்த ஜாமம் பிறருக்கில்லாத ஒரு சுதந்தரமாக அமைகிறது. வேலை ஓயும் இடைவேளைகளை அவர்கள் இதற்காகப் பேணிக்கொள்ளலாம்.

சபையாகக் கூடி விழிக்கும் வழக்கத்தைப் பற்றிச் சொல்ல அதிகமுண்டு. சாக்சனி நாட்டு ஹெர்ன்ஹூட் கிராமத்தில் மொரேவிய சகோதரர் 1727 ஆகஸ்டில், இருபத்து நான்கு ஆண்களும் இருபத்து நான்கு பெண்களுமாக மணிக்கணக்கைப் பங்கிட்டுக்கொண்டு இரவும் பகலும் ஓயாத ஜெபக் காவலைத் தொடங்கி, தலைமுறை தலைமுறையாய் நூறாண்டுகளுக்கு மேல் நடத்தினர். இங்கிலாந்தில் பிரிஸ்டலை அடுத்த கிங்ஸ்வுட் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர், முன்பு சனிக்கிழமை இரவுகளைச் சாராயக் கடையில் கழித்தவர்கள், மனந்திரும்பியபின் அதே இரவு நேரத்தை ஜெபத்தில் கழிக்கத் தொடங்கினர். அது வரம்பு மீறிய செயல் என்று சிலர் ஜான் வெஸ்லியிடம் முறையிட, அவரோ விசாரித்து அதை அங்கீகரித்ததுமல்லாமல், மாதந்தோறும் பௌர்ணமியை ஒட்டிய வெள்ளிக்கிழமையில் நடத்தும்படி ஒழுங்கும் செய்தார். தொலைவிலிருந்து வருகிறவர்கள் நிலா வெளிச்சத்தில் வீடு திரும்பலாம் அல்லவா? ஆவிக்குரிய காரியத்தில் வழி வெளிச்சத்தையும் யோசித்த அந்த நிதானத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

நம் நாட்டுச் சபைகளில் டிசம்பர் 31 இரவு ஆலயம் நிரம்பி வழிய நடக்கும் ஆராதனை இந்தப் பரம்பரையைச் சேர்ந்ததே. ஆனால் மாதந்தோறும் நடந்த ஒன்று ஆண்டுக்கொரு முறையாகச் சுருங்கி, புத்தாடையும் வாக்குத்தத்த அட்டையும் அதன் மையத்துக்கு வந்துவிட்டன. அட்டையில் எந்த வசனம் வரும் என்று காட்டும் ஆவலில் பத்தில் ஒரு பங்கு, கடந்த ஆண்டின் அட்டையிலிருந்த வசனத்தின்படி நடந்தோமா என்று விசாரிப்பதில் காட்டப்படுமானால் எவ்வளவு நன்றாயிருக்கும்! மூன்று நான்கு குடும்பங்கள் சேர்ந்து, மாதம் ஒரு வெள்ளி இரவில் ஒன்பது மணி முதல் பன்னிரண்டு வரை, வாசிப்பும் மௌனமும் வேண்டுதலுமாகப் பகுத்துக்கொண்டு விழித்துப் பார்க்கட்டும். ஒலிபெருக்கி வேண்டியதில்லை, பிள்ளைகள் பாயில் தூங்கிவிட்டால் எழுப்பவும் வேண்டியதில்லை.

சேவல் கூவுமுன்

பேதுரு விழுந்தது தேசாதிபதியின் நியாயாசனத்துக்கு முன்பன்று. குளிர் காய்ந்துகொண்டிருந்த கரிநெருப்பருகே, வாசல் காக்கிற ஒரு வேலைக்காரப் பெண்ணின் கேள்விக்கு முன்னே. காவலிலும் சாவிலும் உம்மைப் பின்பற்ற ஆயத்தம் என்று சொன்னவர், பெரிய சோதனைக்கு மெய்யாகவே ஆயத்தமாயிருந்தார் என்பதற்கு அவர் உருவிய வாளே சாட்சி. சிறிய சோதனையை அவர் எதிர்பார்த்திருக்கவில்லை. ஆகவே காலை ஜெபத்தில் ஐந்து நிமிஷத்தை, வரப்போகும் நாளை மனத்தில் நடந்து பார்ப்பதற்கு ஒதுக்குக. இன்று யாரைச் சந்திப்பேன், எந்த இடத்தில் பொய் சொல்ல வசதியாயிருக்கும், எந்த மேஜையில் பிறரைப் பற்றிப் பேச்சு எழும், யாருடைய முகத்தைக் கண்டால் எனக்குச் சினம் மூளும் என்று பெயரும் இடமும் நேரமுமாக முன்னறிந்து, அந்தந்த இடத்தில் சொல்ல வேண்டிய வார்த்தையையும் நினைத்து வைத்துக்கொண்டால், அடுப்பங்கரையிலும் அலுவலகத்திலும் எதிர்ப்படும் கரிநெருப்புகள் நம்மைத் திடுக்கிடச் செய்ய மாட்டா. படுக்கையை விட்டு எழுமுன் கைப்பேசியை எடுத்துப் பார்க்கிறவர்களுக்கு இந்த ஐந்து நிமிஷம் கிட்டாது. ஆகவே அதை வேறோர் அறையில் வைத்துவிட்டு உறங்குவதே உத்தமம். நான்காம் ஜாமமாகிய விடியலுக்குத் தனியே சொல்ல வேண்டியதில்லை. வீட்டார் யாவரும் கூடும் குடும்ப ஜெபம் அதற்குப் போதும், அது சுருக்கமாயிருந்தால்.

பகலின் சோர்வு

இரவின் நான்கு ஜாமங்களையும் ஒருவாறு காத்துவிட்டவனுக்குப் பகலில் ஓர் ஆபத்து காத்திருக்கிறது. எகிப்து வனாந்தரத்தில் கெல்லியா என்னும் துறவியர் குடியிருப்பில் வாழ்ந்து 399-இல் மரித்த எவாகிரியுஸ், மனிதனைத் தாக்கும் துர்நினைவுகளை எட்டாக வகுத்து, அவற்றுள் எல்லாவற்றினும் பாரமானதாக நடுப்பகற் சோர்வைக் குறித்தார். 91-ஆம் சங்கீதத்தில் மத்தியானத்தில் பாழாக்குவதாகச் சொல்லப்படுவது இதுவே என்பது வனத்துத் துறவியர் கருத்து. காலை பத்து மணியளவில் அது துறவியின் குடிசையில் புகும். சூரியன் நகரவே இல்லையென்று தோன்றும். ஜன்னலை எட்டிப் பார்த்துக்கொண்டும், எந்தச் சகோதரனாவது வருகிறானா என்று வழி பார்த்துக்கொண்டும் இருப்பான். இந்த இடம் எனக்குத் தகாது, இந்தத் தொழில் எனக்கு ஏற்றதன்று, இங்குள்ளவர்களிடம் அன்பில்லை, வேறிடம் போனால் பக்தி வளரும் என்றெல்லாம் நினைவுகள் எழும். பிற்பகல் இரண்டு மணிவரை இந்த முற்றுகை நீளும் என்கிறார். வேலையின் நடுவே காரணமின்றிக் கைப்பேசியைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கும் நம் காலத்தவரும், வருஷத்துக்கொரு சபை மாறிக்கொண்டிருக்கும் விசுவாசிகளும் தங்கள் உருவத்தை அந்தக் குடிசையின் ஜன்னலில் காணலாம்.

இதற்கு வனத்து அந்தோணியார் பெற்ற பரிகாரம் ஒரு பழங்கதையாய் வழங்குகிறது. சோர்வினால் மனம் இருண்டு, நான் இரட்சிக்கப்பட என்ன செய்வேன் என்று அவர் அங்கலாய்த்து வெளியே வந்தபோது, தம்மைப் போன்ற ஒருவர் உட்கார்ந்து கயிறு திரிப்பதையும், எழுந்து ஜெபிப்பதையும், மறுபடியும் உட்கார்ந்து திரிப்பதையும் கண்டாராம். அது தேவதூதன், இப்படிச் செய் என்பதே அவருக்குக் கிடைத்த உத்தரவு. நெடுநேர ஜெபம் இந்த வேளைக்கு உதவாது. கைவேலையை நிறுத்தி ஒரு நிமிஷம் ஜெபித்து, ஜெபத்தை நிறுத்திக் கைவேலைக்குத் திரும்புவதே ஏற்றது. எவாகிரியுஸ் தம் பங்குக்கு, எட்டு வகை நினைவுகளுள் ஒவ்வொன்றுக்கும் எதிர்மொழியாக வேத வசனங்களைத் திரட்டி, நூற்றுக்கணக்கான உத்தரங்கள் அடங்கிய ஒரு நூலே எழுதி வைத்தார். வனாந்தரத்தில் நம் ஆண்டவர் சோதனைக்காரனுக்கு எழுதியிருக்கிறதைக் கொண்டே பதில் சொன்னதை அவர் முன்மாதிரியாகக் கொண்டார். நாமும் நமக்கு அடிக்கடி வரும் நினைவுகளைக் கண்டறிந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வசனத்தை முன்னதாகவே மனப்பாடம் செய்து வைப்பது நலம். சோதனை வந்தபின் வேதத்தைத் திறந்து தேடுகிறவன், மணவாளன் வரும் வேளையில் எண்ணெய் வாங்கப் போன ஐவரின் நிலையிலேதான் இருப்பான்.

இனி, இந்த நியமங்களைக் கைக்கொள்வோர் எல்லோருக்கும் நேரும் ஒரு காரியம். சுரம், பிரயாணம், விருந்தாளி, பரீட்சை, பிரசவம் என்று ஏதோ ஒன்று வந்து நியமம் சில நாட்களுக்கு அறுந்துபோகும். அப்பொழுது விடுபட்ட நாட்களையெல்லாம் கூட்டி, ஒரே இரவில் சேர்த்துச் செய்து ஈடுகட்ட முயல வேண்டாம். புள்ளியிடும் நோட்டில் அந்த நாட்களுக்குரிய இடத்தை வெறுமையாய் விட்டுவிட்டு, அன்றைய மாலைக் கணக்கிலிருந்து தொடங்குக. கைக்குழந்தை உள்ள தாய்மார் ஓராண்டு வரைக்கும் மாலைக் கணக்கை மட்டும், அதுவும் குழந்தையைத் தூங்கவைத்துக்கொண்டே செய்தாலும் போதுமானது.